கேட்காமல் சாப்பிட்ட அன்று

அக்கா,

போன சனிக்கிழமை நோர்வூட் பஸ்ஸில் வறுத்த கச்சான் வாசனை அடித்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பக்கத்துச் சீட்டில் ஒரு அம்மாள். மடியில் கூடை, கையில் கடதாசிச் சுருள், சூடு ஆறாத கச்சான் கடலை. உன் மகள் என் மடியில் இருந்து சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "இந்தா கண்ணு, தின்னு" என்று அந்த அம்மாள் ஒரு பிடி அள்ளி நீட்ட, பிள்ளை வாங்கிவிட்டது. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். மெல்ல இல்லை, ஓங்கித் தட்டினேன். கடலை பஸ் முழுக்க உருண்டது. பிள்ளை வீரிட்டு அழுதது. நான் வேட்டி நுனியை நனைத்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

"நல்லா அழுத்தித் தொடைங்க. எங்க கை பட்ட கடலை, லேசுல போகாது" என்றாள் அந்த அம்மாள்.

பின்னால் ஒருவன் சிரித்தான். "வாத்தியாரு போல இருக்கு. படிச்சவங்கதான் இப்ப ரொம்பச் சாதி பாக்குறாங்க."

அந்த அம்மாள் நல்லவள். கையில் இருந்ததை யாரோ ஒரு பிள்ளைக்குக் கொடுத்தாள். அவளுக்கு நான் கொடுத்தது அவமானம். வீடு வந்து சேரும்வரை பிள்ளை என்னுடன் பேசவில்லை.

உனக்கு ஆகாதவை நாலு. கோதுமை மாவு, பால், கூனி இறால், கச்சான். மாவு பட்டால் கையெல்லாம் தடித்துச் சிவக்கும். பால் குடித்தால் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். கூனியும் கச்சானும் வேறு மாதிரி. உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு விசில் அடிக்கும். இவற்றை உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றையும் சாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாய். "என்னையக் கட்டிக்கிட்டவரு நாலு எமனையும் சீதனமா வாங்கிக்கிட்டாரு" என்று மச்சானைக் காட்டிச் சிரிப்பாய்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் இந்த நாலையும் ஒதுக்கிவிட்டு ஒருத்தி எதைத் தின்று மலையேறுவது? தோட்டத்தில் போடும் அரிசி வாரம் முழுக்க வராது. மிச்சத்துக்கு மாவுதான். காலையில் ரொட்டி, மலையில் ரொட்டி. கொழுந்துக் கூடைக்குள் எல்லோரும் சுருட்டி வைத்திருப்பதும் ரொட்டியும் சம்பலும்தான். நீ மட்டும் அவித்த மரவள்ளிக்கிழங்கை உப்புத் தொட்டுத் தின்பாய். கிழங்கு கிடைக்காத நாளில் தேயிலைச் சாயத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுக் கொழுந்து எடுப்பாய். நம் பங்கு மாவை வீடு வீடாகக் கொண்டுபோய் அரிசிக்கு மாற்றுவதற்குள் உன் மானம் போய்விடும். "இவளுக்கு மட்டும் தெனம் சோறு கேக்குது. பெரிய துரைச்சாணி!" என்பார்கள்.

லயத்து வரிசையில் நமக்கு ஒரே அறை, ஒரு காம்பரா. நீ, மச்சான், நான், பிறகு பிள்ளை. நடுவில் ஒரு சாக்குத் திரை. ஒரே அடுப்பு. அதற்குள் நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். விடிவதற்குள் முதலில் உன் சோறு. உன் சட்டியின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியிருப்பாய். அந்தச் சட்டியில் வேறு எவர் அகப்பையும் போகக் கூடாது. உன் சோற்றை மூடி உறியில் ஏற்றிய பிறகுதான் மாவுச் சாக்கை அவிழ்க்கலாம். நான் மாவு பிசையும்போது தூசி பறக்கும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே பனியில் நிற்பாய். "முடிஞ்சிச்சாடா? இங்க வெறைச்சுப் போச்சு!" என்று அரை மணி நேரத்தில் பத்துத் தடவை கேட்பாய். கடைசியில் எல்லாப் பாத்திரத்தையும் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்ப்பாய். ஒரு தடவை எனக்குப் போதும் என்று பட்டது. "உனக்குப் போதும். எனக்குப் பத்தாது" என்றாய்.

தோட்டத்து டிஸ்பென்சர் உன் கைத் தடிப்பைப் பார்த்துவிட்டு, "உங்க ஆளுங்களுக்கு எல்லாமே பூச்சிதான்" என்று பூச்சி மருந்து கொடுத்தார். ஹட்டனில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் அலர்ஜி என்ற சொல்லைச் சொன்னார். சொல்லிவிட்டு உன்னை மேலும் கீழும் பார்த்து, "இது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்" என்றார். நமக்கு அந்த வியாதி வர அனுமதி இல்லை போலிருக்கிறது. அதே நேரத்தில் பங்களாவில் துரையின் மகனுக்கு முட்டை ஆகாது. அவனுக்குத் தனிக் கோப்பை, தனிக் கரண்டி, தனிக் கேக். சமையல்காரர் அதைப் பெருமையாக வந்து சொல்வார். அங்கே அது கவனிப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அதுவே திமிர்.

திமிர் என்றால்கூடப் பரவாயில்லை. நம் லயத்தில் தனிச்சட்டிக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், சாப்பாட்டைக் கண்டால் நீ முதலில் கேட்பது "இதுல என்ன போட்டிருக்கு?" என்று. அவர்கள் காதில் அது "யாரு கை பட்டிருக்கு?" என்றுதான் விழுந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சாதி பார்க்கிறவனும் அதே மாதிரித் தட்டைப் பார்த்துத் தயங்குவான், அதே மாதிரிப் பிள்ளைக்குப் பசியில்லை என்பான், அதே மாதிரி எழுந்து போவான். நீ மேல்லயத்துப் பெரிய கங்காணி வீட்டிலும் தின்னவில்லை, கடைசிக் காம்பராவில் தப்படிப்பவர் வீட்டிலும் தின்னவில்லை. கங்காணி வீட்டில் தின்னாததை எவரும் நினைவில் வைக்கவில்லை. மற்றது எல்லோருக்கும் நினைவிருந்தது.

எனக்கு அப்போது இருபது வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியார். கையில் கிடைத்த துண்டுப் பிரசுரத்தையெல்லாம் படித்துவிட்டுக் கொதித்துக்கொண்டிருந்தேன். இந்த நாடு நம்மை மனிதர் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டது, ஓட்டு இல்லை, நாம் யார் என்று சொல்ல ஒரு கடதாசி இல்லை. அந்த நிலையிலும் ஒரு லயம் இன்னொரு லயத்தில் தண்ணீர் குடிக்காது. இதை உடைக்கவேண்டும் என்று நாலைந்து பையன்களைச் சேர்த்துக்கொண்டு சமபந்திக்கு நாள் குறித்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட மைதானத்தில், எல்லா வீட்டாரும் ஒரே வரிசையில்.

ஒரு விதியும் போட்டேன். என்னுடைய சொந்த விதி, வேறு எந்தப் பிரசுரத்திலும் இல்லாதது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி. அரிசியோ பருப்போ காயோ, துணியில் மூடிக் கொண்டுவந்து அண்டாவில் கொட்டவேண்டும். யார் எதைக் கொட்டினார்கள் என்று பார்க்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. கலந்த பிறகு எவன் பிடி எது என்று எவனால் பிரிக்க முடியும்? எனக்கு அது உலகத்திலேயே அழகான யோசனையாகத் தெரிந்தது.

உன்னிடம் சொன்னேன். நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய்.

"டேய், எல்லாரும் மூடிக் கொண்டாந்து கொட்டுனா, உள்ள என்ன இருக்குன்னு எப்பிடித் தெரியும்?"

"அதுதான் அக்கா விஷயமே. தெரியக் கூடாது."

"உனக்குத் தெரியக் கூடாது. எனக்குத் தெரியணுமே."

"அரிசி, பருப்பு, காய். இது மட்டுந்தான்னு எல்லா வீட்டுலயும் சொல்லியாச்சு."

"சொன்னா? வீட்டுல இல்லாதவங்க எதக் கொண்டாருவாங்க?"

நீயே ஒரு வழியும் சொன்னாய். "நான் என் சட்டியில ஆக்கிக்கிட்டு வந்து, ஒங்க வரிசையிலயே உக்காந்து தின்னுட்டுப் போறேன். யாரு பக்கத்துல உக்காரச் சொன்னாலும் உக்காருறேன்."

"தனிச்சட்டியோட வந்து உக்காந்தா கங்காணிக்கு வேற என்ன வேணும்? சிரிச்சே கொன்னுடுவான்."

நீ கீரையைத் தண்ணீரில் போட்டாய்.

கங்காணி சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில், ஆட்கள் அத்தனை பேரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது, எல்லோர் காதிலும் விழ என்னைக் கேட்டார்.

"என்னா வாத்தியாரே, நாங்களும் ஒங்க பந்திக்கு வர்றோம். ஒண்ணே ஒண்ணு. ஒங்க அக்கா மொத ஆளா முனியம்மா பக்கத்துல உக்காந்து, அண்டாச் சோத்த அள்ளித் திங்கட்டும். அது தின்னா நாங்களும் உக்காருறோம். என்னம்மா, தனிச்சட்டி, வருவியா?"

முனியம்மா கடைசிக் காம்பராவில் இருந்தவர், தப்படிப்பவரின் பெண்சாதி. கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டார். பெரட்டே சிரித்தது. நீ கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு, "வாறேன்" என்றாய். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் இருந்தது. வீடு வீடாக வந்து கொட்டினார்கள். சோற்று அண்டா ஒன்று, பருப்பும் காயும் சேர்ந்த அண்டா ஒன்று. முனியம்மாக்கா எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக முன்னால் கொண்டுவந்தேன். முந்தானையை அவிழ்த்துப் பருப்பு அண்டாவில் கொட்டினார். பழுப்பு நிறத்தில் ஏதோ பொடி. நான் பார்த்தேன் அக்கா. பார்த்தேன். வறுத்த பருப்பை இடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் விதி என்னுடையது. அந்தக் கை அண்டாவில் பட்டதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்துக்கொண்டிருந்தது.

சோறும் பருப்பும் வெந்ததும், தகரத் தட்டுகளையும் கலந்துதான் கொடுத்தோம், எது எவர் வீட்டுத் தட்டு என்று பாராமல். நீ குளித்து, அந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து முனியம்மாக்கா பக்கத்தில் உட்கார்ந்தாய். வேலி ஓரமாகக் கங்காணியும் அவர் ஆட்களும் கைகட்டி நின்றார்கள். நான் சோறு போட்டு, பருப்பை ஊற்றினேன். நீ தட்டைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"தம்பி, இதுல..."

நான் குனிந்து உன் காதோடு சொன்னேன். "இன்னைக்கு ஒருநாள் கேக்காத அக்கா."

நீ கேட்கவில்லை. பிசைந்து சாப்பிட்டாய். மூன்று வாய். வேலியோரம் நின்ற கங்காணியின் தம்பி, "சரி, விடு" என்று வந்து உட்கார்ந்தான். அவன் பின்னால் இரண்டு குடும்பம். பிறகு நாலு. பையன்கள் கைதட்டினார்கள். நான் உன்னைப் பார்க்கவில்லை. கங்காணியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ எழுந்தாய். முனியம்மாக்கா பதறிப்போய் உன்னைப் பார்த்தார். அவர் பக்கத்தில் இருந்து நீ எழுந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நீ அவர் தோளைத் தொட்டு, சிரித்த முகமாக, "புள்ள முழிச்சிருக்கும். பாத்துட்டு வந்துர்றேன்க்கா. என் தட்ட எடுத்துராதீங்க" என்றாய். ஓடவில்லை. மெதுவாக நடந்து பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டிப் போனாய். தொண்டை அடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி எப்படி அப்படி நடந்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கால் மணி நேரம் அந்தத் தோட்டம் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் வாழ்க்கையில் நான் ஜெயித்தது அந்தக் கால் மணி நேரம். அதே கால் மணி நேரம் நீ சுவருக்குப் பின்னால், வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாய். உன் தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்துத்தான் சுவருக்குப் பின்னால் ஓடினேன்.

பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒரே சொல் காணாக்கடி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்தால் உடம்பு இப்படித் தடிக்கும் என்று நம் ஆட்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். வேப்பிலை கொண்டுவந்தார்கள். நெருப்புச் சட்டியில் உப்பையும் மிளகாயையும் போட்டு உன் முகத்துக்கு நேரே புகை பிடித்தார்கள். மூச்சு விட முடியாதவளுக்குப் புகை! நான் அலர்ஜி, அலர்ஜி என்று கத்தினேன். அது எந்த மொழி என்று யாருக்குத் தெரியும்? டிஸ்பென்சர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இல்லை. கொழுந்து லொறியை எடுக்கத் துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். துரை கிளப்புக்குப் போயிருந்தார். மச்சான் துண்டில்லாமலே டிரைவரைக் கும்பிட்டு, அழுது, லொறியைக் கிளப்பினார். நோர்வூட் பாலத்துக்கு வரும்போது உன் கை என் கையில் கனத்துவிட்டது.

அன்று மாலை திரும்பி வந்து, அண்டாவில் அடியில் இருந்த பருப்பை வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கச்சான்.

அக்கா, இதற்குமேல் நடந்ததைத்தான் நீ தெரிந்துகொள்ளவேண்டும். உன்னைப் புதைத்த இடத்தில் கங்காணி சத்தமாகச் சொன்னார், "கலக்கக் கூடாததக் கலந்தா ஆத்தா பாத்துக்கிட்டு இருப்பாளா? கண்ணத் தொறந்துட்டா." எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என்னோடு அண்டா தூக்கிய பையன்களும் போட்டுக்கொண்டார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆத்தாவும் இல்லை, சாபமும் இல்லை, கச்சான் என்று. சொன்னால் அடுத்த கேள்வி, யார் கொண்டுவந்தது? அதற்குப் பதில் வந்தால், மண்வெட்டி பிடித்த கைகள் அப்படியே கடைசிக் காம்பராவுக்குப் போயிருக்கும். கீழ்ச்சாதிக்காரி விஷம் வைத்துவிட்டாள் என்று. நான் வாயை மூடிக்கொண்டேன். அதனால் ஆத்தா ஜெயித்தாள். இப்போது திருவிழாவுக்குக்கூட இரண்டு அடுப்பு. அன்று வந்து உட்கார்ந்த கங்காணியின் தம்பி என்னைக் கண்டால் வேறு பாதையில் போகிறான்.

மூன்று வாரம் கழித்து முனியம்மாக்கா வந்தார். உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே குந்தியிருந்தார்.

"வாத்தியாரே, வீட்டுல பருப்பு இல்ல. வெறுங்கையோட வர வெக்கமா இருந்திச்சி. அவரு ஹட்டன்ல இருந்து புள்ளைகளுக்குக் கொண்டாந்த கச்சான வறுத்து இடிச்சுப் போட்டேன். நல்லாத்தானே இருக்கும்னு போட்டேன். அதனால எதாச்சும்..."

"இல்லக்கா. காணாக்கடி."

"நெசமாவா?"

"நெசமா. அக்காவுக்குச் சின்னதுல இருந்தே உள்ளது."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நம்பினாரா, தெரியாது. காணாக்கடி என்று சொன்னவர்களை எல்லாம் முட்டாள்கள் என்று திட்டிய நான், அதையே எடுத்து அவருக்குக் கொடுத்தேன். போன மாதம் அவர் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். அதனால்தான் இப்போது எழுத முடிகிறது. அங்கே அவரை எந்த லயத்தின் கடைசியில் வைத்திருக்கிறார்களோ.

மச்சான் பொகவந்தலாவைப் பக்கம் வேறு கலியாணம் செய்துகொண்டார். பிள்ளையை நான் வைத்துக்கொண்டேன். இரண்டு வயதில் விட்டுப்போனாய், இப்போது ஆறு. உன் மூக்கு, உன் வாய். உனக்கிருந்த நாலும் அவளுக்கு இருக்கிறது, முட்டையோடு ஐந்து. ஒவ்வொன்றையும் உன்னைப் போலவே அவளும் சாகப் பார்த்துத்தான் எனக்குக் காட்டினாள். உன் சட்டி இன்னும் உடையவில்லை. கயிறு அற்றுவிட்டது, புதிதாகக் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறேன். விடிவதற்குள் முதலில் அவள் சோறு. மாவு பிசையும்போது அவள் வெளியே பனியில் நின்று, "முடிஞ்சிச்சா மாமா?" என்கிறாள்.

தைப்பொங்கலன்று அடுத்த காம்பராவில் இருந்து பொங்கல் கொண்டுவந்தார்கள். பிள்ளை கையை நீட்டுவதற்குள் நான் கேட்டேன். "இதுல என்ன போட்டிருக்கு?" கொண்டுவந்தவள் முகம் இறுகியது. "பாலும் அரிசியும் சக்கரையுந்தான் வாத்தியாரே. கை கழுவிட்டுத்தான் ஆக்குனேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு திரும்பிவிட்டாள். அன்று மாலையே லயம் முழுக்கப் பேச்சு. சமபந்தி வாத்தியார் வீட்டில் தனிச்சட்டி வைத்திருக்கிறார். கங்காணி என்னை வழியில் பார்த்து, வருடக்கணக்கில் முதல் தடவையாக, மரியாதையாகத் தலையசைத்தார். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

பஸ்ஸில் அது நடந்த சனிக்கிழமை, வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். பிள்ளை வந்து பக்கத்தில் குந்தினாள். கையைத் தட்டிய இடத்தில் இன்னும் சிவப்பு இருந்தது.

"மாமா, நாம பெரிய சாதியா?"

"யாரு சொன்னா?"

"பள்ளிக்கூடத்துல. நாம யாரு வீட்டுலயும் திங்க மாட்டோமாம். அதனால யாரும் எங்கூட ஒக்காந்து திங்க மாட்டாங்களாம்."

இல்லை என்றேன். அப்ப ஏன் என்றாள். அலர்ஜி என்று சொன்னேன். அவள் அந்தச் சொல்லை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், வாயில் நிற்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் சாம்பலை எடுத்து உன் சட்டியை மூன்றாம் தடவை தேய்த்தேன்.